பெயர் வைக்காத மழை

மொரிஷியஸ் போய் வந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கடல் எப்படி இருந்தது என்றுதான் கேட்கிறார்கள். நீலமாக இருந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறேன். நாலு பேர் முன்னால் நின்று பேசிப் பழகாதவள் நான். அங்கே இருந்த நான்கு நாளில் மூன்று நாள் கோபத்தோடு இருந்தேன் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. வாயில் வராததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உத்திரமேரூர் பக்கத்து ஊர் ஒன்றில் பால் சொசைட்டியில் வேலை செய்கிறேன். பத்தாவது வரை படிப்பு. காலையும் மாலையும் பாலை அளந்து, கொழுப்புப் பார்த்து, அன்றைய விவரத்தை வாசலில் இருக்கிற கரும்பலகையில் எழுத வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு தொண்டு நிறுவனம் சொசைட்டிக்குப் பின்னால் மழைமானி ஒன்றை நட்டது. தினமும் காலை எட்டரைக்கு அதில் விழுந்திருக்கிற மழையை அளந்து போனில் அனுப்புவேன். பதிலுக்கு அவர்கள் ஒவ்வொரு மழைக்காலத் தொடக்கத்திலும் ஒரு செய்தி அனுப்புவார்கள். இந்தப் பருவத்தில் வங்கக் கடலில் புயல் அதிகமா, வழக்கம் போலவா, குறைவா என்று அதில் இருக்கும்.

பருவத்துக்கு எத்தனை புயல் வரும் என்று கணிக்கிறவர்களும் அந்தக் கணிப்பைப் பயன்படுத்துகிறவர்களும் கூடும் கூட்டம் ஒன்று மொரிஷியஸில் நடந்தது. பயன்படுத்துகிறவள் என்று என்னை அழைத்துப் போனார்கள். போகும் முன் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னார்கள். 'இந்த முன்னறிவிப்பால் எங்கள் ஊர் பெரும் பயன் அடைந்துள்ளது' என்று அது தொடங்கும்.

முதல் நாள் விமான நிலையத்தில் என் பெயர் எழுதிய அட்டையோடு சிவகாமி நின்றிருந்தார். அந்த ஊர்ப் பள்ளியில் தமிழ் டீச்சர். என் பேச்சை மொழிபெயர்க்க அவரை ஏற்பாடு செய்திருந்தார்கள். "வணக்கம். தங்கள் பயணம் இனிதாக அமைந்ததா?" என்றார். என்னிடம் யாரும் அப்படிப் பேசியதில்லை.

"நல்லா இருந்துச்சு" என்றேன்.

அவர் முகம் சுருங்கியது. நான் சொன்னதைக் கொஞ்ச நேரம் மனதுக்குள் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்கள் இல்லத்தில் எவரும் தமிழ் பேசுவதில்லை. நான் பாடநூலில் கற்றேன். தாங்கள் என்னைத் திருத்த வேண்டும்." அவருடைய பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் கப்பலில் வந்தவர்களாம். எந்த ஊரில் இருந்து என்று கேட்டேன். அது பாடநூலில் இல்லை என்றார்.

சாலைக்கு இரண்டு பக்கமும் கரும்பு. மத்தியானம் தெருவோரக் கடையில் தால் பூரி வாங்கிக் கொடுத்தார். நம் பருப்புப் போளிக்கு வெல்லம் போட மறந்துவிட்டு, அதற்குள் பீன்ஸ் குழம்பையும் ஊறுகாயையும் ஊற்றிச் சுருட்டின மாதிரி. கையெல்லாம் வழிந்தது. நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கடைக்காரர் சிவகாமியிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். "தாங்கள் இதைத் தட்டில் இட்டுப் பிசைந்து உண்ண விரும்புவதுபோல் பார்ப்பதாகக் கூறுகிறார்" என்று மொழிபெயர்த்தார். அந்த ஆள் சொன்னது உண்மை.

மாலையில் தனியாகப் போய்க் கடற்கரையைப் பார்த்தேன். திரும்பும் பஸ்ஸில்தான் வம்பு வந்தது. நம் ஊரில் கண்டக்டர் ஊர்ப் பெயரைக் கத்துவார், விசில் கொடுப்பார். அங்கே இறங்க வேண்டியவர்கள் மணியை அழுத்த வேண்டும். என் ஓட்டல் கண்ணாடிக்கு வெளியே கடந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அழுத்தக் கை போகவில்லை. இத்தனை பேரையும் என் ஒருத்திக்காக நிறுத்துவதா என்று இருந்தது. கடைசி நிறுத்தத்தில் டிரைவர் திரும்பிப் பார்த்தார். அவர் பேசியது புரியவில்லை. ஓட்டல் அட்டையைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். அங்கேயே ஒரு பெண்மணியிடம் சின்னச் சின்ன பருப்பு வடைகளை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்து வாங்கி, எனக்கும் ஒன்று கொடுத்து, அதே பஸ்ஸில் திருப்பிக் கொண்டுவந்து விட்டார். இந்த முறை ஓட்டலுக்கு நூறு அடி இருக்கும்போதே அவர் மணியைக் கை காட்டினார். அழுத்தினேன். பஸ் நின்றது. அவ்வளவுதான் விஷயம்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்கு எழுந்ததும் கை பரபரத்தது. அங்கே ஏழு என்றால் நம் ஊரில் எட்டரை. மழைமானியைப் பார்க்கும் நேரம். அந்த வேலையையும் பலகையையும் கோமதியிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தேன். சொசைட்டியில் என்னோடு வேலை செய்கிறவள்.

கூட்டம் நடந்த மண்டபத்தில் எல்லோரையும் அறிமுகப்படுத்தினார்கள். என் முறை வந்தபோது, ஆயிரம் வருடத்துக்கு முன்பே ஏரியைக் கவனிக்க வாரியம் வைத்துக் கல்லில் எழுதி வைத்த ஊரில் இருந்து வந்திருக்கிறார் என்றார்கள். மண்டபமே கை தட்டியது. எனக்கு எரிச்சலாக வந்தது. இன்றைக்கு எங்கள் ஊர் ஏரியைக் கவனிப்பது பாசன சங்கத் தலைவர் தணிகாசலமும் அவரோடு டீ குடிக்கிற மூன்று பேரும். கல்லில் எழுதியவர்கள் வந்து பார்க்கப் போவதில்லை.

பிறகு கணிப்புச் சொல்கிறவர் பேசினார். நெட்டையான, அமைதியான மனிதர். எங்கோ இருக்கிற பெரிய கடல் எவ்வளவு சூடாகியிருக்கிறது, மேல்காற்று எப்படிப் போகிறது என்று பார்த்து, நம் பக்கத்துக் கடலில் எத்தனை புயல் எழும் என்று பருவம் தொடங்கும்போதே சொல்கிறார்கள். ஒரு கடலின் சூட்டை வைத்து இன்னொரு கடலின் குணத்தைச் சொல்வது பொய் வேலை இல்லை. பல வருடப் படிப்பு அது. அதை நான் குறை சொல்லவில்லை.

அடுத்த படம் திரைக்கு வந்தது. வருடங்களை வரிசையாக எழுதி, கணிப்புப் பலித்த வருடத்துக்குப் பச்சை டிக்கும் பலிக்காத வருடத்துக்குச் சிவப்புப் பெருக்கலும் போட்டிருந்தார்கள். எண்கள் படிக்க எனக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம். மூன்று வருடத்துக்கு முந்தைய வருடத்துக்கு நேராகப் பார்த்தேன். பச்சை டிக்.

அது என் அக்கா வளர்மதி வீடு இடிந்த வருடம்.

அந்த வருடம் 'புயல் குறைவு' என்று என் போனுக்குச் செய்தி வந்தது. நான்தான் பலகையில் எழுதினேன். எங்கள் பலகையில் எழுதுவதெல்லாம் எங்கள் ஊர்ச் சமாச்சாரம். எங்கள் பால், எங்கள் கொழுப்பு, எங்கள் ஊருக்கு மாட்டு டாக்டர் வரும் நாள். அதில் 'குறைவு' என்று எழுதினால் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் குறைவு என்றுதான் படிப்பார்கள். எழுதும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தணிகாசலம் அதைப் படித்துவிட்டுக் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கச் சொன்னார். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் தானாக வழிந்து போகக் கட்டியிருக்கிற கல்வரிசைதான் கலங்கல். அதை ஒன்றரை அடி உயர்த்தினால் ஏரியில் அந்த அளவுக்குத் தண்ணீர் கூட நிற்கும், தை மாதம் நடுகிற நவரைப் பயிருக்கு ஆகும். ஆனால் கூட நிற்கிற தண்ணீர் பின்பக்கம் பரவும். ஏரியின் பின்பக்கம்தான் என் அக்கா தெரு. மழை இரண்டு நாள் கொட்டியது. மழைமானிக் குழாயைத் திரும்பத் திரும்பக் காலி செய்து அளந்தேன். அக்கா நாற்று நடப் போயிருந்தாள். பட்டப்பகலில் தண்ணீர் கொல்லைப்பக்கமாக ஏறியது. அவள் ஓடி வந்தபோது பின்சுவர் கரைந்து விழுந்திருந்தது. முளையில் கட்டியிருந்த இரண்டு மாடும் கட்டியபடியே செத்துக் கிடந்தன.

அதற்குத்தான் பச்சை டிக்.

மூன்றரை மணிக்குத் தேநீர் இடைவேளை. கோமதி போன் செய்தாள். ஊரில் மாலைப் பால் ஊற்றுகிற நேரம்.

"யக்கா, நாஷ்டால்லாம் துன்னியா? இங்க ஒண்ணு சொல்லணும். மெசேஜ் வந்துச்சுக்கா, காலைல. இந்த வருசமும் புயல் குறைவாம். நீ எழுதற மாதிரியே அழகா போர்டுல எழுதிட்டேன்."

"கலங்கல்ல யாராவது எதாவது…"

"மூட்டை அடுக்கிக்கினு கீறாங்கக்கா. மத்தியானமே ஆரம்பிச்சுட்டாங்க. தோ, தலைவர் பால் ஊத்த வந்துக்கீறாரு."

"அவர்கிட்ட குடு."

ஒன்பது வருடத்தில் தணிகாசலத்திடம் நான் பேசியதெல்லாம் கொழுப்பு இவ்வளவு, லிட்டர் இவ்வளவு என்பது மட்டும்தான்.

"இன்னாமா அமுதா, கடல்லாம் பாத்தியா?"

"தலைவரே, மூட்டை அடுக்காதீங்க."

"ஏன்? நீ கீற எடத்துல இருந்துதான சொல்லிக்கீறாங்க, கம்மின்னு."

"அது புயலுக்குங்க. மழைக்கு இல்ல."

"புயல் இல்லாம மழை இன்னா கொழாய்லயா வரும்?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பது கேட்டது. பிறகு குரல் மாறியது. "போன நவரை கதிர் வர நேரத்துல காஞ்சுது. நீயும்தான் பாத்த. என் பையன் வயலை வித்துரலாம்னு நிக்கிறான். இந்த வாட்டியும் தண்ணி பத்தலன்னா பேஜாரா பூடும்மா. நீ ஊருக்கு வந்து பேசு."

புயல் இல்லாமல் அந்த மழை எங்கிருந்து வந்தது? ஒன்பது வருடம் மழை அளந்தவளுக்கு அது தெரியாது. எனக்குச் செய்தி அனுப்பியவர்கள் யாரும் சொல்லவும் இல்லை. கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது. குடிக்காமல் வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அரைப் பக்கக் காகிதத்தைப் பிரித்தேன். 'பெரும் பயன்' என்ற இடத்தில் கண் நின்றது. எதிரே இருந்த முகங்களைப் பார்க்காமல், முன் வரிசையில் இருந்த நெட்டை மனிதரை மட்டும் பார்த்தேன். மணியை அழுத்தினால் பஸ் நிற்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிரிக்காதீர்கள், அதுதான் நினைவுக்கு வந்தது.

"மூணு வருசம் முந்தி போட்டீங்களே டிக்கு, அது எப்படி?" என்றேன்.

சிவகாமி என்னைத் திரும்பிப் பார்த்தார். இது காகிதத்தில் இல்லையே என்று அவர் கண் கேட்டது. ஆனாலும் மொழிபெயர்த்தார்.

குறைவாக வரும் என்று சொன்னோம், குறைவாகத்தான் வந்தது, என்றார் நெட்டை மனிதர். மரியாதையாகத்தான் சொன்னார்.

"எங்க ஏரியை ரொப்பி என் அக்கா வூட்டை இடிச்ச மழை?"

தேதி கேட்டார். சொன்னேன். மடிக்கணினியில் தேடினார். பிறகு அவர் சொன்னதைச் சிவகாமி மெல்ல மெல்லத் தமிழில் சொன்னார். "அது காற்றழுத்தத் தாழ்வு மட்டுமே. அது வலுப்பெறாமலேயே கரையைக் கடந்துவிட்டது. காற்றின் வேகம் ஓர் அளவைத் தாண்டினால்தான் புயல் என்று பெயர் சூட்டுவார்களாம். பெயர் பெற்றவற்றை மட்டுமே இவர்கள் எண்ணுகிறார்கள். அதற்குப் பெயர் இல்லை. ஆகவே அது எண்ணிக்கையில் இல்லை."

"அப்போ அந்த வருசம் ஒரிசா பக்கம் போய்ட்ட புயல்?"

"அது எண்ணிக்கையில் உண்டு."

எங்கள் ஊரில் ஒரு சொட்டும் போடாமல் எங்கோ போன புயலுக்குக் கணக்கு உண்டு. என் அக்காவின் சுவரைத் தள்ளிய மழைக்குக் கணக்கு இல்லை. அரைப் பக்கக் காகிதத்தை மடித்தேன்.

"மழைக்கு இது ஆவாதுன்னு உங்களுக்குத் தெரியும். அப்பால ஏன் சாமி இத்த எங்க போனுக்கு அனுப்பறீங்க? அனுப்புனா, எதுக்கு ஆவாதுன்னு கீழ ஒரு வரி போடக் கூடாதா?"

சிவகாமி இதை மொழிபெயர்த்தபோது அவர் குரலும் கொஞ்சம் உயர்ந்தது. என் கோபத்தையும் சேர்த்து மொழிபெயர்த்தாரா, அது அவருடைய சொந்தக் கோபமா, தெரியவில்லை.

நல்ல கேள்வி, அறிக்கையில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார்கள். கை தட்டினார்கள். அரைப் பக்கத்தை நான் படிக்கவே இல்லை. அதற்கும் சேர்த்துத் தட்டினார்கள் போல. சாப்பாட்டு நேரத்தில் நெட்டை மனிதர் தட்டோடு வந்து என் எதிரே உட்கார்ந்தார். அந்த ஒரு வரியைப் போட வேண்டும் என்று தானும் சொன்னதாகவும், செய்தி சுருக்கமாக இருந்தால்தான் மக்கள் படிப்பார்கள் என்று அதை யாரோ எடுத்துவிட்டதாகவும் சொன்னார். யார் எடுத்தது என்று கேட்டேன். அது தனக்குத் தெரியாதென்றார். அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் செய்திக்குக் கீழே ஒருபோதும் யார் பெயரும் இருந்ததில்லை.

நான்காம் நாள் புறப்பாடு. சிவகாமி ஒரு பொட்டலம் வடை கொடுத்து, "தங்கள் அக்காவிடம் என் அன்பைக் கூறுங்கள்" என்றார். கார் கதவை மூடும் முன் குனிந்து, "பத்திரமா போய்ட்டு வாங்கக்கா" என்றார். எங்கே பிடித்தாரோ அந்தப் பேச்சை. இரண்டாம் நாளுக்குப் பிறகு எனக்குக் கோபம் வராத ஒரே இடம் அதுதான்.

ஊர் பஸ்ஸில் இறங்கியபோது மாலை நாலு மணி. தூறல். பெட்டியைச் சொசைட்டியில் வைத்துவிட்டு நேராகக் கலங்கலுக்குப் போனேன். யூரியா சாக்கில் மண் நிரப்பி மூன்று வரிசை அடுக்கியிருந்தார்கள். ஏரியில் தண்ணீர் கல்வரிசைக்கு ஒரு முழம் கீழே நின்றது. அக்கா கரைமேல் இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள்.

"வாடி வெளிநாட்டுக்காரி" என்றாள். "பாத்தியா, உன் போர்டு பண்ண வேலைய. நாங்க போய்க் கேட்டா, உன் தங்கச்சியே எழுதிக்கீறா, அவளுக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்ன்றாங்க."

"நான் எழுதலக்கா. கோமதி…"

"அந்த வருசம் யார் எழுதுனது?"

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். முதல் மூட்டை அசையவில்லை. ஈரம் ஏறிக் கல்லாகக் கனத்தது. உட்கார்ந்து காலால் உந்தினேன். புரண்டு கீழே கால்வாயில் விழுந்தது. அக்கா முணுமுணுத்துக்கொண்டே வந்து அடுத்த மூட்டையின் மறுமுனையைப் பிடித்தாள். கரையில் நின்ற அவள் தெருப் பெண்கள் இரண்டு பேரும் இறங்கினார்கள். இரண்டு வரிசை போனபோது தணிகாசலத்தின் மொபெட் கரைமேல் வந்து நின்றது.

"யாரைக் கேட்டு எடுக்கிற?"

"யாரைக் கேட்டு எழுதுனேன்? அதே மாதிரிதான்."

நான் பதில் சொல்வேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, நானும்தான்.

"நவரை காஞ்சா யார் பொறுப்பு?"

"நான்தான்."

"எல்லார் முன்னாடியும் சொல்லுவியா?"

"அவங்க சொன்ன புயலுக்கும் நம்ம ஏரிக்கும் சம்பந்தமே இல்ல தலைவரே. அத்த சொல்லத்தான் வந்தேன். அன்னிக்கு வந்த மழைய அவங்க எண்ணவே இல்ல. அது மழைதானாம், புயல் இல்லியாம்."

"அப்போ இந்த வருசம் மழை வருமா, வராதா?"

"தெரியாது."

"தெரியாதாம். இதுக்குத்தான் ஏரோப்ளேன்ல போனியா?"

கரைமேல் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் மூன்றாவது வரிசையில் குனிந்தேன்.

மாலைப் பாலுக்கு முன்னால் சொசைட்டிக்குப் போய்க் கோமதி எழுதியிருந்ததைத் துடைத்தேன். சேறு காயாத கையால் எழுதினேன். 'புயல் எண்ணிக்கை நம் ஏரிக்குக் கணக்கு அல்ல. கலங்கலில் மூட்டைகளை எடுத்தது நான். அமுதா.' இத்தனை வருடத்தில் அந்தப் பலகையில் என் பெயரை நான் எழுதியது அன்றுதான். கேனோடு வந்தவர்கள் நின்று படித்தார்கள். "மூட்டை மட்டுமா எடுத்த, எங்க சோத்தையும்தான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் பாலை ஊற்றினார். அளந்தேன். கொழுப்பைச் சொன்னேன்.

அடுத்த வாரம் பெய்த மழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தது. இரண்டு நாள். தணிகாசலம் ஆட்களைக் கூட்டிப் போய், வீணாகப் போகிற தண்ணீரைக் காட்டினார். பிறகு மழை நின்றுவிட்டது. இதை எழுதும் இன்று வரை பெரிய மழை இல்லை. மூட்டை இருந்திருந்தால் அந்த ஒன்றரை அடித் தண்ணீர் நின்றிருக்கும். அக்கா வீட்டுப் பக்கம் ஒன்றும் ஆகியிருக்காது. எனக்கு அது தெரியும், ஊருக்கும் தெரியும். தணிகாசலம் இப்போது பால் ஊற்றும்போது கொழுப்பு எவ்வளவு என்றுகூடக் கேட்பதில்லை.

அக்காவின் மாட்டுக் கொட்டகை இன்னும் காலி. கடன் தருகிறோம் என்று சொசைட்டியில் சொல்லியும் அவள் மாடு வாங்கவில்லை. மார்கழி போகட்டும் என்கிறாள். முளை இரண்டும் அப்படியே இருக்கின்றன.

பலகையில் நான் எழுதியதை யாரோ துடைத்துவிடுகிறார்கள். காலையில் வந்ததும் பாலுக்கு முன்னால் அதைத்தான் எழுதுகிறேன், பெயரோடு. போன வாரம் நிறுவனத்தில் இருந்து போன் வந்தது. இந்தப் பருவத்தில் இதுவரை சொன்னபடியே புயல் குறைவாக இருக்கிறதாம். முன்னறிவிப்பு எங்கள் ஊருக்குப் பயன்பட்டதா, ஆம் அல்லது இல்லை என்று சொல்லுங்கள் என்றார்கள். அவர்கள் படத்தில் இந்த வருடத்துக்கும் ஒரு பச்சை டிக் விழப்போகிறது.

இல்லை என்றேன். யார் சொன்னது என்று எழுதிக்கொள்ளுங்கள் என்று என் பெயரையும் சொன்னேன். பெயர் தேவையில்லை என்றார்கள்.

தேவை என்றேன். அவர்கள் எழுதிவிட்டோம் என்று சொல்லும்வரை போனை வைக்கவில்லை.